முக்கால் மீற்றர்

ஞானசுந்தரத்தாருக்கு அவருடைய வாய்தான் எதிரி. நாலு வருசத்துக்கு முன்னால், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ காய் என்ற தெருவில் அவர் சமைக்கிற சாப்பாட்டுக் கடையின் குசினியில், கொதிக்கிற சட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க ஒரு சொல் சொன்னார். அவருடைய ஒரே மகள் யசோதினி, அலெக்சிஸ் என்ற பிரெஞ்சுக்காரப் பெடியனை மேரியில், நகரசபைக் கந்தோரில், எழுத்து எழுதிக் கட்டிக்கொண்டாள் என்ற செய்தி அன்றைக்குத்தான் அவர் காதுக்கு வந்திருந்தது.

“நான் சாகும்வரைக்கும் அவன்ர வீட்டில கை நனைக்க மாட்டன். அந்தக் கூரைக்குக் கீழ தலை சாய்க்கவும் மாட்டன்.”

வீட்டுக்குள் கோசலையிடம் சொல்லியிருந்தால் இரண்டு நாளில் ஆறிப்போயிருக்கும். லாச்சப்பலில் சொன்ன சொல்லை யார் ஆறவிட்டார்கள்? மத்தியானம் குசினியில் சொன்னது பின்னேரம் மரக்கறிக் கடையில் நிற்கும், வெள்ளிக்கிழமை கோயிலில் நிற்கும். “ஞானண்ணை சொன்னால் சொன்னதுதான்” என்று ஊரே ஒரு தூண் நட்டு அவரை அதில் கட்டிப்போட்டது. அவரும் கட்டுண்டு நின்றார். நாலு வருசம் மகளின் வாசலை மிதிக்கவில்லை.

இந்த ஜூனில் யசோதினிக்குப் பெண்குழந்தை பிறந்தது. அவள் இருப்பது மேற்கே, லொரியோன் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில். செய்தி வந்த அன்றைக்கே கோசலை பெட்டி அடுக்கிவிட்டாள். புருசனிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

“நான் போறன். முப்பத்தொண்டுக்காவது நீங்கள் வரவேணும். அதுக்கும் வராட்டில், இஞ்சாருங்கோ, பிறகு வரவே வேண்டாம்.”

முப்பத்தொன்று என்பது பிள்ளை பிறந்த துடக்கைக் கழிக்கிற நாள். பிள்ளைக்குத் தலைமயிர் இறக்கி, முழுகவார்த்து, உறவைக் கூட்டிச் சோறு போடுவார்கள். அம்மப்பா இல்லாமல் அது நடந்தால் அம்மப்பாவே இல்லை என்றுதான் அர்த்தம். கோசலை முப்பது வருசத்தில் ஒருமுறையும் இந்தக் குரலில் பேசியதில்லை. ஞானசுந்தரத்தார் அவளை ரயிலேற்றிவிட்டு, மெத்ரோவில் இருக்க இடம் கிடைத்தும் இருக்க மறந்து, நின்றபடியே திரும்பி வந்தார்.

போகத்தான் வேண்டும். ஆனால் எங்கே படுப்பது, எங்கே தின்பது? ஹோட்டல் எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஜூலை மாதம் கடற்கரை ஊரில் அறை கிடைக்கும் என்று அவருக்கு யாரும் பூச்சுற்ற முடியாது. கிடைத்தாலும், மகள் வீட்டுக்குப் பக்கத்தில் ஹோட்டலில் கிடந்தார் என்ற கதை லாச்சப்பலுக்கு வர எத்தனை நாள் செல்லும்?

வழி காட்டியது கரிகாலன். கடையில் மேசை பார்க்கிற பெடியன், முப்பது வயது, எந்த நேரமும் கையில் போன். “ஞானண்ணை, இதைப் பாருங்கோ” என்று ஒரு படத்தைக் காட்டினான். பின்னால் திறந்த பெட்டி உள்ள பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றி வைக்கிற கூடு. உள்ளே படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்தித் தூக்கினால் கூடாரத்துணி விரிந்து ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம் வரும். ஞானசுந்தரத்தாரிடம் பிக்கப் இருந்தது. ஆறு பேர் ஏறலாம் என்று சொல்லி முதலாளி தன் பழையதை அவர் தலையில் கட்டிவிட்டிருந்தார். மகளின் வாசலில் போய் நிற்கலாம், சொந்தக் கூரைக்குக் கீழே படுக்கலாம், சொந்த அடுப்பில் சமைத்துத் தின்னலாம். சொல்லும் நிலைக்கும், மகளும் கிடைப்பாள். அன்றைக்குக் குழம்புக்கு இரண்டு தரம் புளி விட்டார்.

கூட்டை விற்றவர் ரேமண்ட் என்ற கிழவர், ரூவோன் நகரத்துக்கு அங்கால் ஒரு கிராமத்தில் இருந்தார். ஞானசுந்தரத்தார் தன் மச்சான் சாந்தனையும் கூட்டிக்கொண்டு போனார். சாந்தன் கோசலையின் கடைசித் தம்பி, புறநகரான லெ பிளாங்-மெனிலில் ஒரு கராஜில் தகரவேலை செய்கிறவன், கைவேலைக்காரன். ரேமண்ட் கோப்பி ஊற்றினார், தன் பிக்கப்பும் இதே வகைதான் என்றார், இதே கொம்பனி என்றார். ஞானசுந்தரத்தார் கையைக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. சாந்தன் வெளியே அளவுநாடாவோடு நின்றவன், உள்ளே வந்து ஒரு கணம் நின்றான். பிறகு நாடாவைச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

கூட்டை கராஜின் இழுவைப் பெட்டியில் கட்டி இழுத்து வந்தார்கள். லெ பிளாங்-மெனிலில், எஞ்சின் தூக்குகிற சங்கிலியில் அதைத் தொங்கவிட்டு, பிக்கப்பைப் பின்பக்கமாக உள்ளே விட்டார்கள். சாந்தன் மெல்ல மெல்ல இறக்கினான். கூடு முன்னால் போய் முட்டியது. பின்னால் பார்த்தால் முக்கால் மீற்றர் வெளியே நின்றது.

ரேமண்டின் பிக்கப் இரண்டு பேர் ஏறுகிறது. முன்னறை சின்னன், பின்பெட்டி நீளம். இவருடையது ஆறு பேருக்கு இடம் விட்டுப் பின்பெட்டி குறுகிப்போனது. கொம்பனி ஒன்றுதான், பெட்டி ஒன்றல்ல.

“நீ அளந்தனியெல்லோ?” என்று ஞானசுந்தரத்தார் கேட்டார்.

“ஓம் அத்தான்.”

“அப்ப உனக்கு அங்கையே தெரியும்.”

“தெரியும் அத்தான்.”

“வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையே வச்சிருந்தனி?”

சாந்தன் சங்கிலியைப் பிடித்தபடி நிலத்தைப் பார்த்தான். “நீங்கள் கையைக் குடுத்திட்டீங்கள். வெள்ளைக்காரனுக்கு முன்னால அத்தானை மறுத்துக் கதைக்கிறதோ? அக்கா கேள்விப்பட்டால் என்னைக் கொண்டுபோடுவா.”

ஞானசுந்தரத்தாருக்கு அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் எந்த முகத்தோடு அடிப்பது? அவனைப் பதினெட்டு வயதில் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு, அக்கா புருசனை எதிர்த்துப் பேசாதே என்று சொல்லி வளர்த்தவரே அவர்தான். மரியாதை படிப்பித்தார், அது முக்கால் மீற்றராக வந்து நிற்கிறது. ரேமண்டுக்கு போன் எடுத்தால் அந்தக் கிழவர் விட்டது தொல்லை என்று பேரப்பிள்ளைகளிடம் தெற்கே போய்விட்டிருந்தார், செப்டம்பர் வரை வரமாட்டாராம். பிள்ளை பிறந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள்.

பின்கதவைக் கழற்றிவிட்டு, நிற்கிறது நிற்கட்டும் என்று அப்படியே கட்டி ஓடிப் பார்த்தார்கள். கராஜ் தெரு முனை வரைக்கும்கூடப் போகவில்லை. கனம் முழுக்கப் பின்சில்லுக்குப் பின்னால் விழுந்ததில், முன்சில்லு ரோட்டைத் தொட்டும் தொடாமலும் ஓடியது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி யோசித்துத்தான் திரும்பியது. சாந்தன் முகம் வெளுத்து இறங்கினான்.

“வெட்டத்தான் வேணும் அத்தான்.”

செருப்புக்காகக் காலை வெட்டின கதை என்பார்களே, அது அன்றைக்குத் தொடங்கியது.

சாப்பாட்டுக் கடைச் சமையல்காரனின் நாள் இரண்டு துண்டு. காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை ஒரு துண்டு, ஆறரையிலிருந்து கடை பூட்டும்வரை மற்றத் துண்டு. நடுவிலே இருக்கிற மூன்றரை மணித்தியாலத்தில் மற்றவர்கள் அரிசி மூட்டைக்கு மேல் சாய்ந்து கண்ணயர்வார்கள். ஞானசுந்தரத்தார் ஏப்பிரனைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபொபூர் சேன்-தெனித் தெருவால் கார் து நோர்த் ரயில் நிலையத்துக்கு ஓடி, ரயில் பிடித்து லெ பிளாங்-மெனிலுக்குப் போவார். ஒன்றரை மணித்தியாலம் வெட்டுவார், ராவுவார், ஆணி கழற்றுவார். பிறகு அதே ரயில். தலைமயிரில் மரத்தூளோடு வந்து வெங்காயம் வதக்குவார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு நாள். அன்றைக்கு முழுநாளும் அங்கேதான். ஐம்பத்தெட்டு வயது உடம்பு. முழங்கால் படியிறங்கும்போது ஒரு சத்தம் போடத் தொடங்கியது.

“ஞானண்ணை, நீங்கள் வக்கான்ஸ் லீவுக்குப் போறதுக்கு முதல் வக்கான்ஸ் முடிஞ்சிடும்” என்றான் கரிகாலன்.

“படத்தைக் காட்டின வாயை மூடு” என்றார்.

கூட்டின் பின்பக்கத்தில் நாற்பது சென்ரிமீற்றரை நிலத்திலிருந்து கூரை வரைக்கும் அறுத்து எடுத்தார்கள். பின்சுவரையும் கதவையும் முன்னால் தள்ளிப் பொருத்தினார்கள். அலுமினியத் தகட்டைச் சாந்தன் ரிவெட் அடித்துத் தைத்தான், ஓட்டைக்குப் பசை பூசினான், மூடுண்டு போன பின்விளக்குக்கும் நம்பர் தகட்டுக்கும் வெளியே ஒரு சட்டம் போட்டான். வேலை நல்ல வேலை. மறுத்துப் பேசத் தெரியாதவனுக்குக் கை மட்டும் பொய் பேசவில்லை.

கூரைக்கும் சுவருக்கும் நடுவிலே வருகிற கூடாரத்துணிதான் பெரிய தலையிடி. அதைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஃபொபூர் சேன்-தெனியில் சேலைக்கடைக்குப் பின்னால் சட்டை தைக்கிற கோவிந்தராஜனிடம் போனார். பாண்டிச்சேரிக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “சார், இது ஜாக்கெட் தைக்கிற மெஷின். இதுல கூடாரம் தைக்கச் சொல்றீங்களே, நியாயமா?” என்றார். நியாயம் இல்லைதான். ஊசி மூன்று முறிந்தது. நாலாம் நாள் துணி வந்தது. மடிப்பில் மட்டும் சட்டைக் கைக்கு வைக்கிற மாதிரி ஒரு சின்னச் சுருக்கு விழுந்திருந்தது.

ஒவ்வொரு நாளும் கடை பூட்டமுதல் கோசலை போன் எடுப்பாள். பிள்ளை பால் குடித்தது, தும்மியது, சிரித்த மாதிரி இருந்தது என்று சொல்வாள். பின்னால் யசோதினி பிரெஞ்சில் ஏதோ சொல்வது கேட்கும். போனை வாங்கித் தகப்பனோடு கதைக்க மாட்டாள். இவரும் குடு என்று கேட்க மாட்டார். “கூடு எந்தளவில நிக்குது?” என்று கோசலை கடைசியில் கேட்பாள். ஒருநாள் அதையும் கேட்காமல் வைத்துவிட்டாள். அன்றைக்கு ஞானசுந்தரத்தாருக்கு நித்திரை வரவில்லை. அவள் அலுத்துவிட்டாள் என்று விளங்கியது.

இருபத்தெட்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. கூட்டை ஏற்றி இறுக்கிக் கட்டினார்கள். பின்னால் இன்னும் ஒரு முழத்துக்குக் கிட்ட நீட்டிக்கொண்டுதான் நின்றது, ஆனால் பார்க்கிறவன் சிரிக்கிற அளவுக்கு இல்லை. ஓட்டிப் பார்த்தார்கள். முதல் இருந்ததைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் வேகம் பிடித்தவுடன் முன்பக்கம் இலேசாகி வால் ஆடியது. திரும்பி வந்து நிறுத்தினார்கள். சாந்தன்தான் பேசினான். தொண்டையைச் செருமி, சட்டையில் கையைத் துடைத்து, அத்தானின் முகத்தைப் பார்த்தே பேசினான்.

“அத்தான், நான் இந்தமுறை சொல்லுறன். அடுப்பும் காஸும் ஃபிரிட்ஜும் தண்ணித் தொட்டியும் கதவுக்குப் பக்கத்தில நிக்குது. கனம் முழுக்க உதுதான். உதைக் கழட்டினால் வண்டி ரோட்டில நிக்கும்.”

“முன்னுக்குத் தள்ளேலாதோ?”

“தள்ளலாம். பிறகு உள்ளுக்கு ஏற வழி இல்லை. ஜன்னலாலதான் பூரவேணும்.”

“அப்ப சமையல்?”

“படுக்கலாம் அத்தான். சமைக்கேலாது.”

ஞானசுந்தரத்தார் ஒரு பழைய டயரில் உட்கார்ந்தார். அவர் செய்த சத்தியத்தில் பாதி இந்த அடுப்பில்தான் நின்றது. கூரையை எப்படியும் சமாளித்துவிட்டார், கைதான் இப்போது காற்றில் நிற்கிறது. கூட்டை விட்டுவிட்டு, போகாமலே இருந்துவிடலாமா? இருக்கலாம். லாச்சப்பல் மெச்சும். ஞானண்ணை சொன்னால் சொன்னதுதான் என்று இன்னொரு தூண் நடுவார்கள். பிறகு கடை பூட்டிவிட்டு வெறும் வீட்டுக்குப் போய்த் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். கோசலை சொன்னதைச் செய்வாள். அவள் வாய் அவர் வாய் மாதிரி இல்லை, எண்ணித்தான் திறக்கும்.

“கழட்டு” என்றார். “பாணும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு போறன். ஒரு கிழமைதானே.”

சாந்தன் மறுபடி வாய் திறக்கப் பார்த்தான். பிறகு வேண்டாம் என்று ஸ்பானரை எடுத்தான்.

முப்பத்தோராம் நாள் விடிய ஆறு மணிக்குப் புறப்பட்டார். மத்தியானம் பன்னிரண்டுக்குச் சடங்கு, கொஞ்சம் பிந்தினாலும் ஒரு மணிக்காவது போய்விடலாம் என்று நினைத்தார். அறுபதுக்கு மேல் போனால் கூடு முணுமுணுத்தது. லொறிகள் முந்திக்கொண்டு போகும்போது அந்தக் காற்றில் வண்டி ஒருமுறை உதறியது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கப் பயம். பாணும் பழமும் பின்னால் கூட்டுக்குள் இருந்தன. நிறுத்தி எடுக்கலாம். நிறுத்தினால் கால் மணித்தியாலம் போகும். நிறுத்தவில்லை. தூறல் பிடித்தது. பன்னிரண்டு போனது, ஒன்று போனது. இரண்டு மணிக்குக் கோசலையின் போன் அடித்தது. பயந்து பயந்து ஒற்றைக் கையால் எடுத்து, “வாறன், வாறன்” என்று மட்டும் சொன்னார்.

போய்ச் சேர மூன்றரை.

சின்ன வீடு, ஓட்டுக்கூரை, முன்னால் வேலி. வண்டிச் சத்தத்துக்குக் கோசலைதான் முதலில் வந்தாள். பின்னால் யசோதினி, கையில் மொட்டைத் தலையோடு பிள்ளை. சந்தனம் பூசியிருந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று அந்தத் தலையைப் பார்த்தவுடனேயே தெரிந்தது.

“ரெண்டு மணிவரை பாத்தனாங்கள்” என்றாள் கோசலை. “பிள்ளை தாங்கேல்லை. முழுகவாத்துப்போட்டன்.”

“ஓம்” என்றார்.

அலெக்சிஸ் வந்தான். நெடுவல், கப்பல் திருத்துகிற இடத்தில் வேலை. வணக்கம் சொல்லிவிட்டுக் கூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். ரிவெட் வரிசையைத் தடவிப் பார்த்தான். வெட்டி ஒட்டினது தெரிந்தது அவனுக்கு, தொழில் தெரிந்தவன். நல்ல வேலை என்று பிரெஞ்சில் சொன்னான். மச்சான் செய்தது என்று இவரும் பிரெஞ்சில் சொன்னார். நாலு வருசத்தில் மாமனும் மருமகனும் பேசின முதல் பேச்சு அதுதான்.

“அப்பா, சாப்பிட வாங்கோ” என்றாள் யசோதினி. தமிழில்தான் சொன்னாள்.

“நான் வழியில சாப்பிட்டிட்டன்.”

அவள் முகம் இறுகியது. திரும்பிப் பிரெஞ்சில் தாயிடம் கடகடவென்று ஏதோ கொட்டினாள். கோசலை கையை விரித்தாள்.

“என்னவாம்?” என்று ஞானசுந்தரத்தார் கேட்டார்.

“உந்தப் பெடியன் இன்னும் சாப்பிடேல்லை எண்டு பேசுறாள். நான் ஒருநாள் சும்மா கதைக்குச் சொன்னனான், எங்கடை ஊரில முதல்முதல் வாற மாமனைச் சாப்பாட்டுக்கு இருத்திப்போட்டுத்தான் மருமகன் இருக்கிறதெண்டு. அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். நாங்கள் எல்லாரும் சாப்பிட்டாச்சு. அவன் மாட்டனெண்டிட்டான்.”

“காலமை என்ன சாப்பிட்டவன்?”

“ஒரு கோப்பி.”

ஞானசுந்தரத்தார் அலெக்சிஸைப் பார்த்தார். அவன் தமிழில் என்ன பேசுகிறார்கள் என்று விளங்காமல், மழையில் நனைந்துகொண்டு, கூட்டின் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றரை மணி. இருபத்தாறு வருசமாக ரூ காய் குசினியில் கோப்பை கழுவ வருகிறவனைக்கூடப் பசியோடு வேலையில் இறக்கியதில்லை ஞானசுந்தரத்தார். அதற்காக முதலாளியோடு சண்டை போட்டவர். இங்கே ஒருவன் தன்னால், தன் ஒரு வாயால், காலையிலிருந்து பட்டினி கிடக்கிறான். அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தார். கோபத்துக்கும் ஒரு பலம் வேண்டும். இருந்த பலத்தையெல்லாம் அலுமினியத்தில் அறைந்து முடித்திருந்தார்.

“சட்டி எங்கை?” என்றார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். குசினி சின்னன், சுத்தமாக இருந்தது. பருப்பைச் சூடாக்கினார், கத்தரிக்காயைப் பிரட்டினார், சோற்றில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினார். கை தன்பாட்டில் வேலை செய்தது. அலெக்சிஸை மேசையில் இருத்தி, சோற்றைப் போட்டு, பருப்பை விட்டார். அவன் கரண்டியைத் தொடவில்லை. எதிரே இருந்த வெறும் கதிரையைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

யசோதினி இன்னொரு சாப்பாட்டுக் கோப்பையைக் கொண்டுவந்து அந்தக் கதிரைக்கு முன்னால் வைத்தாள். சோறு போட்டாள்.

ஞானசுந்தரத்தார் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் முழங்காலின் நோ தெரிந்தது, முதுகின் நோ தெரிந்தது, முந்தநாள் விடியலுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதும் தெரிந்தது. குழைத்து ஒரு வாய் வைத்தார். அலெக்சிஸும் வைத்தான். இரண்டு பேரும் அவதியாக, வெட்கம் கெட்டுத் தின்றார்கள். அரைவாசியில் அவர் தலையைத் தூக்கினார்.

“ஆர் சமைச்சது?”

“நான்” என்றாள் யசோதினி.

“கத்தரிக்காய்க்கு உப்புக் காணாது.”

நாலு வருசமாகத் தகப்பன் அவளிடம் ஒரு குறையும் சொன்னதில்லை. சொல்வதற்கு அவர் இருக்கவில்லை. அவள் பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, உப்பு எடுக்கப் போகிற சாட்டில் அடுப்படிப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். அழுது, முகத்தைத் துடைத்து, உப்புப் போத்தலோடு திரும்பி வந்தபோது, தகப்பனின் தலை கதிரைச் சாய்மானத்தில் சரிந்திருந்தது. கொஞ்சம் திறந்திருந்த வாயால் மெல்லிய குறட்டை வந்தது. கழுவாத கை கோப்பைக்குப் பக்கத்தில் கிடந்தது. வெளியே வாசலில், படுக்கை விரித்தபடி, கூடு மழையில் நின்றது.

“அப்பா” என்று தோளைத் தொடப் போனாள்.

“எழுப்பாதை பிள்ளை” என்றாள் கோசலை. “அந்த மனுசன் படுக்கட்டும்.”